சொல்லாமல் நின்றுவிட்டவர்

இல்லை அக்கா, அந்த சீட்டுக்கு ஆள் இருக்கிறார். என் வீட்டுக்காரர். ஜோலார்பேட்டையில் பாப்பாவுக்கு வெந்நீர் வாங்க இறங்கினார். யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதென்று நான்தான் பையை வைத்தேன். வேறு ஏதாவது பெட்டியில் ஏறியிருப்பார். ஒவ்வொரு பெட்டியாக நடந்து வர வேண்டாமா? பட்டாளத்துக்காரர் அக்கா. ஓடுகிற வண்டியில் ஏறுவதெல்லாம் அவர்களுக்கு மாடிப்படி ஏறுகிற மாதிரி. நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள். உங்களுக்கு ஈரோடுதானே? நாங்கள் கோயம்புத்தூர் போய், அங்கிருந்து மலைமேல் போகிறோம். அவருடைய ரெஜிமெண்ட் சென்டருக்கு.

ஃபோனா? அது என் கைப்பையில்தான் இருக்கிறது. அவர் அதைத் தொடுவதே இல்லை. லீவு முடிந்த அன்றைக்கு சிம்மைக் கழற்றி எங்கள் அம்மாவின் குங்குமச் சிமிழுக்குள் போட்டவர், அப்புறம் எடுக்கவே இல்லை.

உங்களிடம் சொல்வதற்கென்ன. ஈரோட்டில் இறங்கிப் போய்விடுவீர்கள், என் முகம்கூட உங்களுக்கு நினைவிருக்காது. இவர் லீவு முடிந்தும் திரும்பிப் போகவில்லை. இப்போது தானாகப் போய்த் தன் பெயரைச் சொல்லப் போகிறார். நான் கூட்டிக்கொண்டு போகிறேன். அவ்வளவுதான் விஷயம். போலீஸ் வந்து பிடிப்பதற்கு முன்னால் தன் காலால் நடந்து போய் கேட்டில் நின்றுவிட்டால் ஆபத்தில்லை என்கிறார்கள். பிடித்துக்கொண்டு போனால்தான் பெரிய பேச்சு.

ஏவால் என்று இங்கிலீஷில் ஒரு வார்த்தை உண்டு அக்கா. ஆப்சென்ட் வித்தவுட் லீவ், அதன் முதல் எழுத்துகளைச் சேர்த்துச் சொல்வது. லீவு வாங்காமல் வராதவன் என்று அர்த்தம். பட்டாளத்தில் பிறந்த வார்த்தை. ஆனால் நான் கான்வென்ட் ஹாஸ்டலில் படித்தவள், எனக்கு அது பட்டாளத்து வார்த்தை என்றே வெகுநாள் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மாலைப் படிப்புக்கு எந்தப் பெண்ணாவது வராவிட்டால், சிஸ்டர் கான்செப்டா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இன்றைக்கு யார் ஏவால்?" என்பார். நாங்கள் சிரிப்போம். அந்தப் பெண் மாமரத்துக்குப் பின்னாலிருந்து தலையைக் குனிந்துகொண்டு வருவாள். தானாக வந்து மன்னிப்புக் கேட்டால் பாதித் தண்டனைதான். முழங்காலில் நிற்கச் சொல்வார், ஆனால் கீழே ஒரு துண்டு போட்டுக்கொள்ளலாம்.

கல்யாணத்துக்கு முன்பு நான் வேலை பார்த்த ஆபீஸிலும் அப்படித்தான். டீ குடிக்கப் போய்த் திரும்பாதவன் ஏவால். மேஜைமேல் இருந்த ஸ்டேப்ளரைக் காணோமென்றால் அதுவும் ஏவால். என் சிநேகிதி வீட்டுப் பூனை வாரத்துக்கு ஒரு தடவை ஏவால். இங்கிலீஷில் அது ஒரு செல்ல வார்த்தை அக்கா. நாம் "கம்பி நீட்டிட்டான்", "டிமிக்கி குடுத்துட்டான்" என்கிறோமே, அந்த மாதிரி. அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் அழுது நான் பார்த்ததில்லை.

என்னைக் கொடுத்த ஊர் கண்ணமங்கலம் ரோட்டில் இருக்கிறது. அங்கே பட்டாளத்துக்கு ஆள் போகாத வீடே கிடையாது. என் மாமனார் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பலராமன் என்று பெயர், ஆனால் தபால்காரர்கூட சுபேதார் வீடு என்றுதான் சொல்வார். என் மாமியார் "சாப்ட்டியா" என்று கேட்க மாட்டார். "லங்கர் முடிஞ்சிதா" என்பார். பட்டாளத்தில் சமையல்கட்டுக்கு அதுதான் பெயராம். மாமியார் ஒரு நாளும் பட்டாளத்தைப் பார்த்தவர் இல்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம். யாராவது லீவில் வந்தால், "நல்லாகீறியா" என்பதற்கு முன்னால், "எத்தினி நாளு லீவு" என்றுதான் கேட்பார்கள். ஒருவர் விடாமல் கேட்பார்கள். கேட்டுவிட்டு மறக்கவும் மாட்டார்கள். கடைசி நாளன்று தெருவே கூடி பஸ் ஸ்டாப் வரைக்கும் வழியனுப்பும். பெட்டியை யார் தூக்குவது என்று போட்டி நடக்கும். எப்போது வருவாய் என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். அது ஆகாதாம். அப்படிப்பட்ட ஊரில் லீவுக்கு மேல் ஒரு பொழுது ஒருத்தன் இருக்க முடியுமா, சொல்லுங்கள்? அதனால்தான் இவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

நான் அப்போது காட்பாடியில் அம்மா வீட்டில் இருந்தேன். பிரசவத்துக்கு வந்தவள். பாப்பாவுக்கு அப்போதுதான் கழுத்து நின்றிருந்தது. மாமனார் தன் கையாலேயே மகனை ரயிலேற்றி, வண்டி கண்ணுக்கு மறைகிற வரை நின்றுவிட்டுப் போயிருக்கிறார். இவர் அரக்கோணத்தில் இறங்கி, பஸ் பிடித்து, டிரங்குப் பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நிற்கிறார். பட்டப்பகல். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்ன சார், ஏவாலா?" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என்னைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"லீவ நீட்டிச்சிட்டாங்க பிரமிளா. அப்பாகிட்ட மட்டும் சொல்லாத. சொன்னா அங்க வரச் சொல்லுவாரு" என்றார்.

நான் நம்பினேன். பிள்ளை முகத்தைப் பார்க்க ஆசைப்படுகிற தகப்பனுக்கு எந்த அதிகாரிதான் பத்து நாள் கூடக் கொடுக்க மாட்டார்? தணிகைவேல் என்று அவருக்குப் பெயர். சாதுவான மனுஷன் அக்கா. என்னை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேறு எதையாவது நினைத்துக்கொள்ளக் கூடாது.

கொஞ்சம் களைப்பாக இருந்தார், அது உண்மை. சோபாவில் உட்கார மாட்டார். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் இடுக்கு இருக்கிறது, அங்கேதான் உட்காருவார். கதவைப் பார்த்தபடி உட்காருவார். எங்கள் அம்மா பல் டாக்டர் ஒருவரிடம் ரிசப்ஷனில் இருக்கிறாள், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. "மாப்பிள்ளைக்கு ஒன்னவிட எம் பீரோவதான் புடிச்சிருக்கு, பாரேன்" என்பாள். அவர் அதற்கு எழுந்து நின்று "சாரி அத்தை" என்பார். மறுபடி அங்கேயே உட்காருவார். குளிரான இடத்தில் இருந்து வந்தவர், சுவரோரம் வெதுவெதுப்பாக இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அங்கே என்ன நடந்தது என்று நானும் கேட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார். பனிமலையில் ஏதோ ஒரு காவல் போஸ்ட். இரண்டு மூன்று பேராக அசையாமல் படுத்திருக்க வேண்டுமாம், சத்தம் காட்டக் கூடாதாம். "பக்கத்துல படுத்திருந்த பையன் இருமினான்" என்றார். "சின்னப் பையன். புதுசா வந்தவன்."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் இருமல" என்றார்.

அவ்வளவுதான். மருந்து ஏதாவது கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பட்டாளத்தில் மருந்துக்கா பஞ்சம்?

பாப்பாவைக் கொஞ்சம் பிடிக்கிறீர்களா அக்கா? கை மரத்துவிட்டது. நல்ல பெண், யாரிடம் வேண்டுமானாலும் போவாள்.

அப்புறம் மாமனார் ஊருக்கு போலீஸ் போயிருக்கிறது. உங்கள் பையன் யூனிட்டில் போய்ச் சேரவில்லையாமே, எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். மாமா நெஞ்சை நிமிர்த்தி, "நானே ஏத்தி உட்டேன். எம்மவன் போய்ச் சேராம இருக்க மாட்டான். உங்க பேப்பர்லதான் தப்பு" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அனுப்பிவிட்டு டீக்கடைக்குப் போயிருக்கிறார். அங்கே எவனோ, "மாஸ்டர், சுபேதாருக்கு சூடா பகோடா வேணுமா கேளு" என்றிருக்கிறான். பட்டாளத்து இந்தியில் ஓடிப்போனவனை பகோடா என்பார்களாம். கடை முழுக்கச் சிரித்திருக்கிறது. எல்லாரும் ரிடையர் ஆனவர்கள், எல்லாருக்கும் அர்த்தம் தெரியும். மாமா டீயைக் கீழே வைத்துவிட்டு நேரே பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

வந்தவர் உள் அறைக்குப் போகவில்லை. ஹாலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இவர் உள்ளே அந்த இடுக்கில் இருக்கிறார். நடுவில் ஒரு சுவர்தான். மாமா சுவரைப் பார்த்தே பேசினார்.

"டேய். பட்டாளத்துல இன்னும் உன் பேர வெட்டல. திரும்பி வர்ற எண்ணம் இருந்தா அதுக்குப் பேரு ஆப்சென்ட்டு. நீயா நடந்து போயி கேட்ல நின்னு நம்பரும் பேரும் சொல்லு. உள்ள போடுவான், கையில இருக்கற பட்டையப் புடுங்குவான், ஆனா மனுசனா வெளிய வருவ. எண்ணமே இல்லன்னு எழுதிட்டான்னா அதுக்கு வேற பேருடா. அந்தப் பேரு பாடை வரிக்கும் கூட வரும்."

மாமா நாற்காலியைச் சுவருக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார்.

"கேக்குதா இல்லியா? எந்த மலையில நான் நிக்கல? எந்தப் பனியில நான் படுக்கல? நான் வந்தனாடா பொண்டாட்டி முந்தானைக்குள்ள?"

மாமா வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். "நாளைக்கி நானே வரேன். கையக் கட்டி இட்டுக்கினு போறேன்" என்றார். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியவில்லை. "வேணாம் மாமா, நான் கூட்டிக்கிட்டுப் போறேன். எங்கூட வருவாரு" என்றேன்.

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா? நீ எஸ்கார்ட்டா?" என்றார். "உன் பொறுப்பு. அவன் தானா போனான்னு நான் ஊர்ல சொல்லணும். சொல்ல வெப்பியா?"

"வெப்பேன் மாமா" என்றேன்.

பாப்பா தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். பேத்தியைப் பார்க்காமலே போய்விட்டார். அது மட்டும் எனக்கு வருத்தம்.

அன்றைக்கே நான் இவரிடம் எடுத்துச் சொன்னேன். எங்கள் சிஸ்டர் சொல்வது போலவே சொன்னேன். பாவத்தில் இரண்டு இருக்கிறது, தெரியாமல் செய்வது ஒன்று, வேண்டுமென்றே செய்வது ஒன்று. உங்களுக்குத் திரும்பிப் போகிற எண்ணம் இருக்கிறதுதானே, எண்ணம்தான் முக்கியம் என்றேன். ஃபோனில் தேடிப் படித்தும் காட்டினேன், இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிச் சொல்லி. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். போகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. எத்தனையோ நாள் அப்படியே போனது. வாசலில் பைக் சத்தம் கேட்டால் போலீஸோ என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். மாமா தினமும் கூப்பிடுவார். "கிளம்பியாச்சா?" அந்த ஒரு வார்த்தைதான்.

அப்புறம் ஒரு நாள் தானாகவே வந்தார். "போலாம் பிரமிளா. இங்க இருக்க வேணாம்" என்றார். பொறுமையாகச் சொன்னால் யாருக்கும் புரியும் அக்கா. நான் சொன்ன விதம் அப்படி.

என்ன? ஃபிளாஸ்க்கா?

ஆமாம், பாப்பாவின் ஃபிளாஸ்க்தான். ஆமாம்... வெந்நீர் வாங்கத்தான் போனார். அவசரத்தில் விட்டுவிட்டுப் போயிருப்பார். கப்பில் வாங்கி வருவார். இப்போதெல்லாம் பேப்பர் கப்பில்தானே கொடுக்கிறார்கள்.

இல்லை, நாங்கள் சண்டையெல்லாம் போடவில்லை. பாப்பா அழுதாள், அவ்வளவுதான். ஆம்பூரில் ஆரம்பித்தவள், வாணியம்பாடி தாண்டியும் நிறுத்தவில்லை. நீங்கள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தீர்கள். அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு.

பிள்ளை அழுதால் அவருக்குத் தாங்காது. ஆசை அப்படி. அந்த சிலிண்டர் வந்த அன்றைக்குக்கூட...

ஒன்றுமில்லை அக்கா. அன்றைக்கு அம்மா வேலைக்குப் போய்விட்டாள். நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே பாப்பா வீல் வீலென்று அழுகிறாள். தெருவில் காஸ் வண்டிக்காரன் சிலிண்டரை எடுத்து எடுத்து டமால் டமாலென்று போடுகிறான். திடீரென்று பாப்பாவின் அழுகை நின்றுவிட்டது. பரவாயில்லையே, அப்பா சமாதானப்படுத்திவிட்டாரே என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மிச்சத் துணியையும் நிதானமாக உலர்த்திவிட்டுத்தான் இறங்கினேன்.

அவர் ஜன்னலுக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பாப்பா மடியில். ஒரு கையால் என்னைப் பார்த்து, குனி, குனி என்று சைகை காட்டினார். இன்னொரு கை பாப்பா முகத்தின் மேல் இருந்தது. பெரிய கை அக்கா அவருக்கு. மூக்கு, வாய் எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டது. பாப்பாவின் கால் உதைக்கவில்லை.

நான் பிடுங்கினேன். வந்துவிட்டாள். கொஞ்ச நேரம் ஒரு மாதிரி நிறமாக இருந்தாள், முதுகில் தட்டியதும் மூச்சு வந்துவிட்டது. டாக்டரிடமெல்லாம் போகவில்லை, டாக்டர் ஏதாவது கேட்பார். அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார், தெரிகிறதா உங்களுக்கு? சத்தம் வெளியே போகக் கூடாதென்று. அவர் கணக்கில் அது காப்பாற்றுவது. சிலிண்டர் வண்டி போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருமல" என்றார். "பாப்பா இருமலங்க, அழுதா" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

அதற்கப்புறம் பிள்ளையை நீட்டினால் வாங்கவே மாட்டார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார், பரேடில் நிற்பார்களே, அந்த மாதிரி. நான் குளிக்கப் போனால் அவர் போய்க் கொல்லைப்புறத்தில் நிற்பார், நான் வருகிற வரைக்கும். மறுநாள்தான் போலாம் என்று சொன்னார். பாருங்கள், நான் எடுத்துச் சொன்னது வீண்போகவில்லை.

பாப்பாவை இப்படிக் கொடுங்கள். இல்லை, உங்கள்மேல் சந்தேகமெல்லாம் இல்லை அக்கா. தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது பழக்கமாகிவிட்டது.

இதோ டி.டி.ஆர். வந்துவிட்டார்.

ஆமாம் சார், இரண்டு சீட்டும் எங்களுடையதுதான். இது நான், பாப்பா மடியில். அது என் வீட்டுக்காரர். இருக்கிறார் சார். வேறு பெட்டியில்... இல்லை, எந்தப் பெட்டி என்று தெரியவில்லை. தணிகைவேல். ஜோலார்பேட்டையில் இறங்கினார். நீங்கள் எல்லாப் பெட்டியும் பார்த்துவிட்டுத்தான் வருகிறீர்களா? உயரமாக இருப்பார், முடி ஒட்ட வெட்டியிருப்பார். கையில் ஒன்றும் இருக்காது. பார்க்கவில்லையா?

அந்தப் பெரியவரா? காட்பாடியிலிருந்தே நிற்கிறாரா? பாவம். நான் பார்க்கவே இல்லை சார்.

இல்லை, நான் எழுதிக் கொடுக்க வேண்டுமா? வாயால் சொன்னால் போதுமா? வருவாரா மாட்டாரா என்று மட்டுமா?

கொடுத்துவிடுங்கள் சார். வர மாட்டார்.

உட்காருங்கள் ஐயா. பையை எடுத்துவிடுகிறேன். பார்த்து, உள்ளே பூட்ஸ் இருக்கிறது, கனம்.

அக்கா, நீங்கள் கையைப் பிடித்து அழுத்துவதால் சொல்கிறேன். வண்டி நகர்ந்தபோது அவர் எங்கேயும் ஓடவில்லை. இந்த ஜன்னலுக்கு நேராகத்தான் நின்றுகொண்டிருந்தார், தண்ணீர்க் குழாய் பக்கத்தில். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. என்னைப் பார்க்கவில்லை, பாப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டே எட்டு வைத்தால் ஏறியிருக்கலாம். நான் கூப்பிட்டிருந்தால் ஏறியிருப்பார், நான் சொன்னதை மீற மாட்டார். சங்கிலி இதோ, என் தலைக்கு மேலேயே தொங்குகிறது.

மாமாவிடம் என்ன சொல்வேன் என்கிறீர்கள். நான் மலைமேல் போகிறேன் அக்கா. அந்த கேட்டில் நின்று அவர் பெயரைச் சொல்லி, தானாகத்தான் கிளம்பினார், ஜோலார்பேட்டை வரைக்கும் தானாகத்தான் வந்தார், எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்கப் போகிறேன். அதற்கும் ஏதாவது ஒரு பெயர் வைத்திருப்பார்கள்.

சேலத்தில் இறங்கு, எதிர்வண்டி பிடித்துப் போய்த் தேடு, ஆண்பிள்ளை எங்கே போய்விடுவான் என்கிறீர்கள். எங்கேயும் போயிருக்க மாட்டார் அக்கா, எனக்குத் தெரியும். அந்தக் குழாய் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். தேடிப் போனால் கிடைத்துவிடுவார்.

அதனால்தான் நான் இறங்கவில்லை.